சக்கரத்தின் மேல் ஒரு படுக்கை

ரயிலில் மிடில் பெர்த் கிடைத்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். லோயர் பெர்த்தில் உட்கார்ந்திருக்கும் மாமா புளிசாதம் சாப்பிட்டு, பேப்பர் படித்து, அரசியல் பேசி முடிக்கிற வரை நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காலையில் அதே மாமா ஐந்தரை மணிக்கே எழுந்து "தம்பி, கொஞ்சம் இறக்கிடலாமா?" என்பார். இந்தத் தகராறுக்காகவே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் மிடில் பெர்த்தை விரிக்கலாம் என்று ரயில்வேயில் விதியே இருக்கிறது.

ஆனால் அந்தப் பலகையை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பகலில் மூன்று பேர் முதுகு சாய்கிறார்கள். இரவில் சங்கிலியில் மாட்டினால் ஒருவருக்குப் படுக்கை. ஒரே பலகை, இரண்டு வேலை. காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில் சொன்னால், ஒரே சொத்தை இரண்டு ஷிப்டில் ஓட்டுகிறார்கள்.

இதே தந்திரத்தில்தான் இன்னொரு உலகமும் ஓடுகிறது. அதுதான் கேம்பிங் டிரெய்லர். (சினிமா டிரெய்லர் இல்லை! :-)) காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற குட்டி வீடு. அமெரிக்காவில் டிரெய்லர், இங்கிலாந்தில் கேரவன். நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அதைவிட ரொம்பச் சின்னது. சில டிரெய்லர்கள் நம் வீட்டுக் குளியலறை அளவுகூட இருக்காது. அதற்குள் இரண்டு பேர் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்க வேண்டும், காலையில் காபியும் போட வேண்டும்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுகமான படுக்கை போடுவது எப்படி என்று யார் யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடப் போனேன். "உல்லாசப் பயணத்தின் வரலாறு" என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில் கணக்கு

ஒரு ஆள் படுக்க ஆறேகால் அடி நீளமாவது வேண்டும். இரண்டு பேர் என்றால் அகலம் நாலு முதல் ஐந்து அடி. அதாவது சுமார் முப்பது சதுர அடி. மொத்தப் பெட்டியே ஐம்பது அறுபது சதுர அடிதான் என்றால் பாதி இடம் படுக்கைக்கே போய்விடும். மீதியில் அடுப்பு, பாத்திரம், துணிமணி, நிற்க இடம், கதவு திறக்க இடம் எல்லாம் வேண்டும்.

இதற்கு முக்கியமாக மூன்று தீர்வுகள் உண்டு.

ஒன்று, பகலில் படுக்கையை மறையச் செய்வது. மேஜையாகவோ சோபாவாகவோ மாற்றிவிடலாம்.

இரண்டு, படுக்கையை அப்படியே வைத்துவிட்டு அதன் அடியிலும் மேலேயும் இருக்கிற காலி இடத்தை வேலை வாங்குவது.

மூன்று, மொத்தப் பெட்டியையும் படுக்கையாக்கிவிட்டுச் சமையலை வெளியே தள்ளிவிடுவது.

இன்று கடையில் விற்கிற டிரெய்லர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றாகவோ கலவையாகவோதான் இருக்கும். இப்போது இவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

புல்மேனின் பெர்த்

மறைகிற படுக்கைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் புல்மேன். 1859ல் இரண்டு பழைய ரயில் பெட்டிகளைத் தூங்கும் பெட்டிகளாக மாற்றிப் பார்த்தார். 1865ல் "பயனியர்" என்ற பெட்டியைக் கட்டினார். எதிரெதிராக இருக்கும் இரண்டு இருக்கைகளை இழுத்து ஒன்றோடு ஒன்று சேர்த்தால் கீழ்ப் படுக்கை. மேலே கூரையை ஒட்டி மடித்து வைத்திருக்கும் பலகையை இறக்கினால் மேல் படுக்கை. பகலில் மெத்தையும் கம்பளியும் அந்த மடித்த பலகைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நம் ரயிலில் இருப்பதும் இதன் தூரத்துச் சொந்தம்தான்.

சரி, இந்தப் படுக்கையைத் தினமும் விரிப்பது யார், மடிப்பது யார்? இதைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை.

1865ல்தான் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்திலேயே, விடுதலையான கறுப்பின மக்களைப் புல்மேன் தன் பெட்டிகளில் போர்ட்டர்களாக வேலைக்கு வைத்தார். படுக்கை விரிப்பது, மடிப்பது, ஷூ துடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. பயணிகள் பலர் அவர்கள் பெயரைக்கூடக் கேட்கமாட்டார்கள். முதலாளி பெயரையே வைத்து "ஜார்ஜ்" என்று எல்லோரையும் கூப்பிடுவார்கள். மாதம் 400 மணி நேரம் வேலை. இரவில் தூங்கக் கிடைப்பது மூன்று மணி நேரம் அளவுக்குத்தான். ரயில் முழுக்க மெத்தை இருக்கும், அதை விரித்தவருக்குத் தூக்கம் இருக்காது.

1925ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை, பன்னிரண்டு வருஷம் போராட வேண்டியிருந்தது.

படுக்கையின் கதையைத் தேடினால் படுக்கை விரிப்பவரின் கதை குறுக்கே வந்து நிற்கும் என்று எனக்கு இங்கேதான் முதலில் உறைத்தது.

ஆட்டுக்காரரின் கட்டில்

இரண்டாவது தீர்வு ரயிலில் பிறந்தது இல்லை. புல்வெளியில் பிறந்தது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஆடு மேய்ப்பவர்கள் மாதக்கணக்கில் தனியாகக் காட்டிலும் மலையிலும் மந்தையோடு இருக்க வேண்டும். குளிர் எலும்பைக் குத்தும். அவர்களுக்காக உருவானதுதான் "ஷீப் வேகன்" என்ற குதிரை வண்டி. 1884ல் ராலின்ஸ் என்ற ஊரில் ஜேம்ஸ் கேண்ட்லிஷ் என்ற கொல்லர் முதலில் கட்டினார் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அதன் அமைப்பைக் கேளுங்கள். முன்பக்கம் கதவு. கதவை ஒட்டி இரும்பு அடுப்பு. இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சுக்குள் பெட்டி. பின்பக்கம் வண்டியின் குறுக்கே உயரமான கட்டில். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் மேஜை வரும், சாப்பிட்டு முடித்ததும் தள்ளினால் உள்ளே போய்விடும். அதற்கும் கீழே மளிகைச் சாமான். வண்டியின் அடிப்பாகம் குறுகல்தான். ஆனால் சக்கரத்துக்கு மேலே வந்ததும் இரண்டு பக்கமும் அகலப்படுத்தியிருப்பார்கள். அந்த அகலத்தில்தான் ஒரு மனிதர் குறுக்கே நீட்டிப் படுக்க முடிந்தது.

ஏன் கட்டில் உயரத்தில்? அடியில் பொருள் வைக்க என்பது ஒரு காரணம். இன்னொன்று, அடுப்பின் சூடு மேலே ஏறும், குளிர் கீழே தங்கும். உயரத்தில் படுத்தால் கதகதப்பு.

இங்கிலாந்தில் ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமானி மக்களின் "வார்டோ" வண்டியிலும் இதே ஏற்பாடு உண்டு. பின்பக்கம் குறுக்கே பெற்றோருக்குக் கட்டில். அதற்கு அடியில் கதவு போட்ட அலமாரி மாதிரி ஒரு இடம். பகலில் மெத்தைகளை அதற்குள் வைப்பார்கள், இரவில் குழந்தைகள் அங்கே தூங்குவார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரி படுக்கை! ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தார்களா என்பது வேறு விஷயம். சின்னப் பெட்டியில் வருஷம் முழுக்க வாழ்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது தெளிவு. அவர்கள் யாரும் சுற்றுலா போகவில்லை. அதுதான் அவர்கள் வீடு.

டாக்டரின் சோபா

இப்போது முதல் சுற்றுலாக்காரர் வருகிறார். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். ஜிப்ஸிகளின் வண்டியைப் பார்த்து அவருக்கு ஆசை வந்தது. 1885ல் பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் கம்பெனியில் சொல்லி "வாண்டரர்" என்ற வண்டியைக் கட்டினார். பதினெட்டு அடி நீளம். சாமான் ஏற்றினால் கிட்டத்தட்ட இரண்டு டன். மஹாகனி மரம், புத்தக அலமாரி என்று உள்ளே ஒரு குட்டி மாளிகை. இழுக்க இரண்டு குதிரைகள், பெயர் கார்ன்ஃப்ளவர், பீ-பிளாஸம். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். அந்த அனுபவத்தை 1886ல் புத்தகமாகவும் எழுதினார். பொழுதுபோக்குக்காகவே கட்டிய முதல் கேரவன் என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

அவர் எங்கே தூங்கினார்? பகலில் உட்காரும் சோபாவில்தான். இரவில் அதன் மேல் படுக்கை போட்டுக்கொள்வார். கப்பலில் இருந்தவருக்கு இது பழக்கப்பட்ட விஷயம்.

அவருடைய வேலைக்காரர்? வண்டியின் பின்பகுதியில் இருந்த சமையலறையில். பகலில் அவர் வண்டிக்கு முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் போய் "பெரிய வண்டி வருது, ஓரம் போங்க" என்று வழி ஏற்பாடு செய்ய வேண்டும். குதிரைக்காரர் வழியில் இருக்கும் சத்திரத்தில் தங்கிக்கொள்வார்.

ஆக, அடியில் இருப்பவர்களின் கண்டுபிடிப்பு மேலே போனபோது கூடவே ஒரு மாற்றமும் நடந்தது. ரோமானி தாய் தானே விரித்த படுக்கையில் தானே தூங்கினார். டாக்டர் வண்டியில் வேலைக்கு ஆள் இருந்தார்.

1910ல் நியூயார்க் கார் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ கம்பெனி ஒரு காரைக் காட்டியது. பின் சீட் மடங்கிப் படுக்கையாகும். முன்னால் இருக்கும் டிரைவரோடு பேச டெலிபோன் இருக்கும். படுக்கை சரி... முதலாளி பின்னால் கால் நீட்டித் தூங்கும்போது டிரைவர் எங்கே தூங்குவார் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றினால் மகிழ்ச்சி.

மழையில் நனைந்த குடும்பம்

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்த பிறகுதான் வேலைக்காரர் இல்லாத குடும்பங்களும் ஊர் சுற்ற ஆரம்பித்தன. முதலில் கூடாரம். அப்புறம் சக்கரம் வைத்த மடக்குக் கூடாரம்.

1929ல் டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற பாக்டீரியா ஆராய்ச்சியாளர் அப்படி ஒரு மடக்கு டிரெய்லர் வாங்கினார். சில நிமிஷத்தில் விரித்துவிடலாம் என்பது விளம்பரம். குடும்பத்தோடு போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர் அதை விரித்து முடிப்பதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். கடுப்பான மனுஷன் திரும்பி வந்து, மடக்கும் வேண்டாம் விரிக்கும் வேண்டாம் என்று ஆறு அடி அகலம், ஒன்பது அடி நீளத்தில் கெட்டியான ஒரு பெட்டியையே கட்டிவிட்டார். குழந்தைகள் அதற்கு "கவர்ட் வேகன்" என்று பெயர் வைத்தார்கள். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் 400 டாலருக்கு வைத்தார். அது பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியிருந்த நேரம். இருந்தும் 1936க்குள் அவர் கம்பெனி அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் கம்பெனியாகிவிட்டது.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் வாலி பயம் என்பவர். (பெயர்தான் பயம், ஆள் ரொம்பத் தைரியசாலி!) மனைவிக்குக் கூடாரத்தில், தரையில் படுக்கப் பிடிக்கவில்லை. அதனால் மாடல் டி காரின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு மேடை கட்டி ஆரம்பித்தார். இவர்தான் இன்றும் பெயர் சொல்லும் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் நிறுவனர். 1936ல் அவர் விட்ட "கிளிப்பர்" என்ற அலுமினிய டிரெய்லரில் நாலு பேர் தூங்கலாம். எப்படி? சாப்பாட்டு மேஜையும் அதன் இருக்கைகளும் இரவில் படுக்கையாக மாறும். புல்மேனின் தந்திரம்தான், போர்ட்டர் மட்டும் இல்லை.

சின்ன வயதில் இந்த வாலி பயம் ஆடு மேய்த்திருக்கிறார். கழுதை இழுக்கும் இரண்டு சக்கர வண்டியில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர், சாப்பாடு, தூங்க ஒரு பை. ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற கிளிப்பருக்குப் பின்னாலும் ஒரு ஆட்டுக்காரர் வண்டி இருந்தது.

மூன்றாவது வழி: பெட்டி முழுக்க மெத்தை

1930களில் "டியர்டிராப்" என்ற கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர் வந்தது. உள்ளே போனால் மெத்தை மட்டும்தான். நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையலறை. சமைப்பவர் வெளியே நின்றுகொண்டு சமைப்பார்.

இதன் பழைய அளவு பெரும்பாலும் நாலு அடி அகலம், எட்டு அடி நீளம். ஏன் இந்த அளவு என்று யாரிடமாவது கேட்டால் உடற்கூறு, ஏரோடைனமிக்ஸ் என்று ஏதாவது சொல்வார்கள். உண்மையில் ஒரு பிளைவுட் பலகையின் அளவே நாலுக்கு எட்டு. பலகையை வெட்டாமல் அப்படியே தரையாகப் போடலாம், மிச்சம் வீணாகாது. 1947ல் "மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்" பத்திரிகையில் வரைபடம் வந்த பிறகு நிறையப் பேர் வீட்டு ஷெட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

நாலு அடியில் இரண்டு பேர் என்றால் நெருக்கம்தான். சாதாரண அமெரிக்க டபுள் மெத்தையே 54 அங்குலம். டியர்டிராப்பில் கிடைப்பது 48. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ஐந்து அடி அகலத்துக்குப் போனார்கள். இன்றும் இந்த அங்குலச் சண்டை ஓயவில்லை. வீட்டுக் குயின் மெத்தை 60க்கு 80 அங்குலம். டிரெய்லருக்கென்று விற்கும் "ஷார்ட் குயின்" 60க்கு 75. ஐந்து அங்குலம்தானே என்று தோன்றும். ஆறு அடி உயரக்காரரின் பாதத்தைக் கேட்டால் தெரியும்.

சரி, சுகமாகத் தூங்க வேறு என்ன வேண்டும்? மூன்று விஷயங்கள்.

வண்டி மட்டமாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் இரவெல்லாம் ஒரு பக்கமாக உருண்டுகொண்டே இருப்போம். ஜாக்கியோ பலகையோ கொடுத்துச் சரிசெய்வார்கள்.

மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வேண்டும். நாம் மூச்சு விடும் ஈரமும் உடம்பின் வியர்வையும் குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகும். பலகையின் மேல் நேராக ஃபோம் போட்டால் கொஞ்ச நாளில் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் கட்டிலில் இடைவெளி விட்டுச் சட்டம் அடிக்கிறார்கள். (நம் கயிற்றுக் கட்டிலுக்கு இந்தப் பிரச்சனையே இல்லை என்பதைக் காலரைத் தூக்கிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.)

மூன்றாவது, மெத்தை. இங்கேதான் கதை நான் எதிர்பார்க்காத பக்கம் திரும்பியது.

மெத்தைக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில் மெத்தைக்குள் வைக்கோல், குதிரை முடி, பருத்தி, இலவம் பஞ்சு என்று ஏதாவது அடைப்பார்கள். நாள் ஆக ஆக நசுங்கிப்போகும், ஈரம் பட்டால் கட்டி கட்டும். ஸ்பிரிங் மெத்தை நல்லதுதான். ஆனால் கனம், உயரம். சோபாவாகவும் படுக்கையாகவும் மாற வேண்டிய இடத்தில் மடிக்கவும் முடியாது.

டிரெய்லருக்குத் தேவை மெல்லியதாக, லேசாக, நசுங்கினாலும் எழுந்துகொள்கிற ஒன்று. அது 1929ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வந்தது. டயர் செய்யும் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈ. ஏ. மர்ஃபி என்ற விஞ்ஞானி ரப்பர் பாலை நுரைக்க அடித்துக் கெட்டிப்படுத்தினார். மனைவியின் கேக் மிக்ஸரில் அடித்துப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதுதான் லேடெக்ஸ் ஃபோம். "டன்லப்பில்லோ" என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. கேரவன்களின் மெத்தைக்குள்ளும் புகுந்தது. 1950களில் விலை குறைந்த பாலியூரிதேன் ஃபோம் வரும் வரை இதற்கு ராஜ மரியாதை.

ரப்பர் பால் எங்கிருந்து வந்தது? பெருமளவு மலாயாவிலிருந்து. டன்லப்புக்கே மலாயாவில் பெரிய பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்களில் மரம் சீவியவர்கள் யார்? கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் பிடித்துக் கப்பல் ஏற்றிய நம் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கத்து ஜனங்கள்.

வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் விடியும் முன்பே எழுந்து, பிரட்டுக்குப் போய் நின்று, இருட்டிலேயே மரம் சீவக் கிளம்ப வேண்டும். அவர்கள் தூங்கிய இடம் லயம். நீளமாக ஒரே கூரை, நடுவில் தடுப்புச் சுவர்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அறையின் அளவு சுமார் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே லயம், கிட்டத்தட்ட இதே அளவு. அதற்குள்தான் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பிள்ளைகள், பாத்திரம் பண்டம், சாமி படம் எல்லாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 சதுர அடி. வாண்டரரைவிட அப்படி ஒன்றும் பெரியதில்லை. பகலில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தால் கூடம், இரவில் விரித்தால் படுக்கையறை. புடவையைக் கட்டித் தொங்கவிட்டால் தூளி, அதுதான் மேல் பெர்த். டிரெய்லர் கம்பெனிகள் தந்திரம் என்று விற்ற ஒவ்வொன்றையும் அங்கே யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். அதை யாரும் கண்காட்சியில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று கோடை விடுமுறையில் கேரவனில் நுரை மெத்தையில் படுத்துத் தூங்கும். அந்த நுரைக்குப் பால் எடுத்தவர் அதே அளவு அறையில் பாயில் படுத்து, விடிவதற்கு முன் எழுந்துவிடுவார். இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு கண்ணுக்குத் தெரிந்தது. இவர்களில் எத்தனை பேர் அந்த மெத்தையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

வீடா, வண்டியா?

ஒரு பெட்டிக்குள் படுக்கை வந்துவிட்டால் அது வண்டியா, வீடா? இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது.

1930களின் மந்தத்தில் வேலை போய், வீடு போய், டிரெய்லரிலேயே நிரந்தரமாகக் குடியேறியவர்கள் பலர். இன்னும் இருபது வருஷத்தில் பாதி அமெரிக்கா டிரெய்லரில் வாழும் என்று ரோஜர் பாப்சன் என்ற பிரபல பொருளாதார ஜோசியர் அடித்துச் சொன்னார். (பலிக்கவில்லை. பொருளாதாரப் பாடம் படிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.) ஊர்க்காரர்களுக்குப் பயம் வந்தது. விடுமுறைக்கு வந்து நாலு நாள் நின்றால் "வாங்க வாங்க". அங்கேயே தங்கினால் "கிளம்பு".

1936ல் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இப்படி ஒருவர் மீது வழக்கு வந்தது. அது கார் இழுக்கும் வண்டிதானே என்பது அவர் வாதம். சக்கரம் இருந்தாலும் மனிதர்கள் தங்கி வாழ்கிற இடம் வீடுதான், ஊரின் வீட்டு விதிகளை மீறியது தப்புதான் என்று தீர்ப்பாகிவிட்டது. வீடு என்று ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அங்கே இருக்கக் கூடாது என்பதற்காக ஒத்துக்கொண்டார்கள்!

இரண்டாம் உலகப் போரில் எல்லாம் தலைகீழ். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு லட்சக்கணக்கில் தொழிலாளர்கள் வந்தார்கள், தங்க வீடு இல்லை. அரசாங்கமே பல்லாயிரம் டிரெய்லர்களை வாங்கி வரிசை வரிசையாக நிறுத்தியது. வேண்டாத பெட்டி ஒரே ராத்திரியில் தேசபக்தி ஆகிவிட்டது.

2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அதே கதை மறுபடி. வீட்டுக் கடன் கட்ட முடியாத, ஓய்வூதியம் போதாத வயதானவர்கள் பலர் வேனிலும் டிரெய்லரிலும் ஏறி, பருவகால வேலை தேடி மாநிலம் மாநிலமாகப் போனார்கள். ஜெசிகா புரூடர் 2017ல் இவர்களைப் பற்றி எழுதிய "நோமேட்லேண்ட்" புத்தகம் படமாகி, 2021ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அறுபது எழுபது வயதில், நாள் முழுக்கக் கிடங்கில் நடந்துவிட்டு வரும் ஒருவருக்கு அந்த மெத்தை ஐந்து அங்குலம் நீளமாக இருப்பதும், அடியில் ஈரம் பிடிக்காமல் இருப்பதும் ஹாபி கிடையாது. அடுத்த நாள் வேலைக்கு எழுந்திருக்க முடியுமா என்பதே அதில்தான் இருக்கிறது.

கடைசியாக

இந்தக் கதையைத் தேட ஆரம்பித்தபோது படுக்கையின் சுகம் என்பது நீளம், அகலம், ஃபோம், சட்டம் இவற்றில் இருக்கிறது என்று நினைத்தேன். அதெல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே அளவு பெட்டி, ஒரே மாதிரி படுக்கை, ஒருவருக்கு "வாவ், எவ்வளவு க்யூட்!" என்று இருக்கிறது. இன்னொருவருக்கு மூச்சு முட்டுகிறது. வித்தியாசம் பெட்டிக்குள் இல்லை. திங்கட்கிழமை திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

மலையகத்தில் இன்றும் பல குடும்பங்கள் லயத்து அறைகளில்தான் தூங்குகின்றன. "சின்ன வீடு போதும், எளிமையே அழகு" என்று யாராவது சொல்லும்போது இனி எனக்கு அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த முறை மிடில் பெர்த் கிடைத்தால் நான் வழக்கம்போல முனகத்தான் செய்வேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் காலையில் அந்தப் பலகையை இறக்கும்போது புல்மேன் போர்ட்டர்களையும் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். கீழே இருக்கும் மாமா அவர் பாட்டுக்குப் பேப்பர் படிக்கட்டும்.